சீட்டில் எழுதாத பெயர்

வசந்தாக்காவுக்கு,

உன் பெயரை முதலில் எழுதிவிட்டேன். பதினேழு வருடமாகப் பத்திரிகையில் ஊரார் பெயர்களை எழுதிப் பிழைக்கிற எனக்கு, இந்த ஒரு பெயரை அச்சுக்குக் கொடுக்க ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது. ஏன் என்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகச் சில இடங்களில் உனக்குத் தெரிந்ததையே உன்னிடம் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்.

நம் வீட்டுச் செய்தி முதலில். அம்மா போன தை மாதம் தவறிவிட்டாள். உன்னைப் பற்றி யார் கேட்டாலும், "மழையில கால் வழுக்கிடுச்சி, பாவம்" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வாள். கடைசி வரை அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. ஆலங்காயம் வீடு பூட்டிக் கிடக்கிறது. உன் டிரங்குப் பெட்டியை வேலூருக்குக் கொண்டுவந்துவிட்டேன், இன்னும் திறக்கவில்லை. மலையில் நீ வேலை பார்த்த நெல்லிவாசல்நாட்டுக்கு இப்போது ஜீப் போகிறது. மழை இல்லாத நாளில் ஒரு பஸ்ஸும் போகிறது. நீ இறங்கி வந்த ஒற்றையடிப் பாதையில் பாதிக்கு மேல் புதர் மூடிவிட்டது.

போன வியாழக்கிழமை அந்த மலையிலிருந்து வெள்ளையன் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். நானும் போயிருந்தேன். அங்கே அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை இதை எழுத உட்கார வைத்தது. அதை இப்போதே சொன்னால் யாருக்கும் புரியாது. வரிசையாக வருகிறேன்.

எழுபதாம் வருடம் நீ துணைச் சுகாதார நிலையத்து நர்ஸாக மலைக்குப் போனாய். உனக்கு இருபத்து மூன்று வயது. ஓடு வேய்ந்த இரண்டு அறை. முன்னறையில் பிரசவக் கட்டில், பின்னறையில் நீ. "மலைக்குப் போனா உனக்கு எவன்டி மாப்ள வருவான்" என்று அம்மா அழுதுகொண்டிருந்தாள். நீ என்னைப் பார்த்து, "டார்ச்சுக்குப் பேட்டரி வாங்கியாந்தியாடா?" என்று மட்டும் கேட்டாய்.

முதல் எட்டு மாதம் எந்த வீட்டுப் பிரசவத்துக்கும் உன்னைக் கூப்பிடவில்லை. வெள்ளையன் மனைவிக்கு இரண்டு நாள் வலி எடுத்தும் பிள்ளை இறங்காதபோதுதான் ஆள் அனுப்பினார்கள். பெண் குழந்தை. வெள்ளையன் அதற்கு உன் பெயரையே வைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வைக்க, நாலைந்து வருடத்தில் அது அந்த ஊர்களின் வழக்கமாகிவிட்டது. ஒருமுறை நான் மலைக்கு வந்திருந்தபோது அவர் என்னிடம், "வசந்தான்னு ஒரு கொரல் குடுத்துப் பாரு சார், அஞ்சாறு ஓடியாரும். அத்தினியும் நர்ஸம்மா கையில உழுந்ததுங்க" என்று சிரித்தார். நீ பிறப்புப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாய்: "உங்க ஊர்ல வேற பேரே கெடைக்கலியா? எழுதி எழுதி நான் யாருன்னு எனக்கே கொழம்பிடும் போலக்கீது."

அன்று அது வெறும் கேலி.

எழுபத்தெட்டு ஆடி மாதம் நீ லீவில் வீட்டுக்கு வந்தாய். சாப்பிடவில்லை. தூங்கவில்லை. மூன்றாம் நாள் காலை கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்றாய்.

"தம்பி, ரெண்டு பேரு பேசிக்கினே கீறாங்கடா. ஒரு ஆம்பள, ஒரு பொம்பள."

"யாரு? இன்னா பேசறாங்க?"

"யாருன்னு தெரியல. வசந்தா எப்பவோ செத்துட்டாளாம். இவ யாரோ அவ பொடவையைக் கட்டிக்கினு திரியறாளாம். நான்தான் வசந்தான்னு எத்தினி வாட்டி சொன்னாலும் நம்ப மாட்றாங்க."

ஊரில் பாம்பு கடித்தவனைப் பற்றிச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாய். இப்போதும் அந்தக் குரல்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, நெருக்கடி நிலைக் காலத்தில், கருத்தடைக்கு ஆள் சேர்க்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உன்னை வாட்டினார்கள். நீ பிரசவம் பார்த்த வீடுகளே உன்னைக் கண்டதும் கதவைச் சாத்தின. அதுதான் காரணம் என்று எழுத எனக்கு ஆசை. ஆதாரம் இல்லை. பின்னால் டாக்டரைக் கேட்டபோது, "இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்றுதான் அவரும் சொன்னார்.

அம்மா கயிறு மந்திரித்துக் கட்டினாள். அது அறுந்தது, இன்னொன்று கட்டினாள். வாணியம்பாடியில் ஒரு டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "கல்யாணம் பண்ணி வைங்க, எல்லாம் சரியாப் பூடும்" என்றார். மாத்திரை தீரும்வரை தூங்கினாய். தீர்ந்ததும் அந்த இரண்டு பேரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

மனதுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் எங்கே இருக்கிறார் என்று விசாரிப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்க வேண்டும். விசாரிப்பதுதானே என் வேலை? ஆனால் ஒவ்வொருவரிடமும், "ஒரு கட்டுரை எழுதணும், அதுக்காகக் கேக்கறேன்" என்று சொல்லிக்கொண்டு போனேன். கட்டுரைக்குக் கேட்டால் கட்டுரைக்கு ஏற்ற பதில்தான் கிடைக்கும். எல்லோரும் மெட்ராஸைச் சொன்னார்கள். மெட்ராஸ் என்றால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி, உயரமான மதில் சுவர். உன்னை அங்கே சேர்த்தால் உன் வேலை அதோடு முடிந்தது.

கடைசியில் ஒரு டீக்கடையில், மருந்துக் கம்பெனிக்காக ஊர் ஊராக அலைகிற ஒருவர் சொன்னார்: "மெட்ராஸ் எதுக்கு சார்? உங்க வேலூர்லயே ஒருத்தர் இருக்கார். சைக்கிள் கடை மாடி. போர்டைப் பாத்தா கண்டுபுடிக்க முடியாது."

உண்மைதான். போர்டில் 'நரம்பு, தலைவலி, தூக்கமின்மை' என்று இருந்தது. ஆறு மாதமாக நான் அந்தப் போர்டுக்குக் கீழேதான் என் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன்.

மாடியில் அவர் யார் பெயரையும் கேட்டு எழுதுவதில்லை. ஆனால் அவர் வாங்கிய ஃபீஸ் என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. இரண்டாம் முறை போனபோது அவரே பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். "இது ஒரு வாரத்துல முடியற வைத்தியம் இல்ல. வருஷக்கணக்கா ஆகும். இங்க வராதீங்க. வியாழக்கிழமை கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு வாங்க, தோல் வியாதி ரூமுக்குப் பக்கத்துல உக்காந்திருப்பேன். அங்கயும் நான்தான். மாத்திரையும் இதேதான், காசு மட்டும் கிடையாது." கறாரான முகம். அவர் செய்தது எவ்வளவு பெரிய உதவி என்பது மாடிப்படி இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

இப்போது நான் செய்ததை எழுத வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் செய்தி ஆசிரியர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: பெயர் தப்பு என்றால் செய்தியே தப்பு. இறந்தவர் பெயரில் ஒரு இனிஷியல் சந்தேகம் வந்து, அதைச் சரிபார்க்கக் கலசப்பாக்கம் வரை திரும்ப பஸ் ஏறியவன் நான். அந்த ஆள்தான் அந்த வியாழக்கிழமை, ஆஸ்பத்திரி ஜன்னலில், உன்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு பேசினேன்.

"பேரு?" என்றார் சீட்டு எழுதுபவர்.

"சரஸ்வதி."

"வயசு?"

"முப்பத்தொண்ணு."

"வேலை?"

"கூலி வேலை."

வயது மட்டும்தான் உண்மை. யாருக்கும் தெரிய வேண்டாம் என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள். பெயரை மாற்றச் சொல்லவில்லை. அது நானாக யோசித்தது. சுகாதாரத் துறை நர்ஸ் மனநோய்க்கு வந்தாள் என்று அதே துறையின் ஆஸ்பத்திரி நோட்டில் ஏறினால், அது உன் மேலதிகாரி மேசைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? உன் வேலையைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். வருகிற வரனைக் காப்பாற்றுவதாகவும் நினைத்தேன். சீட்டை நீ தொலைத்துவிடுவாய் என்று சொல்லி, அதை என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாய்.

"யார்ரா அவ, சரஸ்வதி?"

"சும்மாக்கா. ஆபீஸ்ல தெரிஞ்சிடக் கூடாதுன்னு."

கொஞ்ச தூரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். பள்ளிகொண்டா தாண்டியதும், "ஏன்டா, அவளுக்கு மாத்திரை குடுத்தா எனக்கு எப்பிட்றா சரியாவும்?" என்றாய்.

நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அதனால் அதைக் கேலியில் சேர்த்துக்கொண்டேன்.

மாத்திரை வேலை செய்தது. அதை மறைக்கக் கூடாது. நாலு மாதத்தில் தூங்க ஆரம்பித்தாய். பேச்சுக் குரல்கள் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி தூரமாகிவிட்டன என்றாய். மாதம் ஒருமுறை புதன்கிழமை மாலை மலையிலிருந்து இறங்கி வருவாய். மலையில் கேட்டால் 'மீட்டிங்' என்று சொல்லுவாய். இரவு நம் வீட்டில் படுத்து, வியாழன் காலை முதல் பஸ். தோல் வியாதிக்காரர்கள் வரிசைக்குப் பக்கத்தில் மரப் பெஞ்சு. உள்ளே டாக்டர் உன்னிடம் தனியாகப் பேசுவார். நான் வெளியே பேப்பர் படிப்பேன். "சரஸ்வதி!" என்று கூப்பிடுவார்கள். நீ உடனே எழுந்திருக்க மாட்டாய். ஒவ்வொரு தடவையும் நான் உன் முழங்கையைத் தொட வேண்டியிருக்கும்.

அடுத்த வருடம் சித்திரையில் டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாதா என்ன? அதற்குப் பிறகு உன் கை நடுங்க ஆரம்பித்தது. வெள்ளையன் வீட்டில் ஒரு குழந்தைக்கு ஊசி போடப் போய், போட முடியாமல் திரும்பி வந்ததாகச் சொன்னாய். "ஊசி போட முடியாத நர்ஸு இன்னா நர்ஸுடா?" என்றாய். அடுத்த முறை டாக்டரிடம் சொல்லலாம் என்றேன். சொன்னோம். நடுக்கத்துக்கும் ஒரு மாத்திரை சேர்த்துக் கொடுத்தார். கொஞ்சம் குறைந்தது.

எண்பதாம் வருடம் ஆடியில் பத்திரிகை என்னைக் கோயம்புத்தூருக்கு அனுப்பியது. இரண்டு மாதம் என்றார்கள். டாக்டரிடம் சொல்லி இரண்டு மாத மாத்திரையை வாங்கி உன் கையில் கொடுத்தேன். "தீர்றதுக்குள்ள வந்துடுவேன்க்கா." சீட்டு என் பையிலேயே என்னோடு கோயம்புத்தூருக்கு வந்தது. அதை உன்னிடம் கொடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இரண்டு மாதம் மூன்றரை மாதம் ஆயிற்று. 'அடுத்த வாரம் வருகிறேன்' என்று இரண்டு கார்டு போட்டேன். மலைக்குத் தபால் போகிற வேகம் எனக்குத் தெரியாததா?

ஐப்பசியில் தந்தி வந்தது.

மூன்று நாள் அடைமழை. பாதைக்குக் குறுக்கே வருகிற காட்டாற்றில், அடுத்த வளைவில், வெள்ளையனும் நாலு பேரும் உன்னைக் கண்டெடுத்திருந்தார்கள். ஆலங்காயத்தில் ஒரு பேச்சு அதற்குள் கிளம்பிவிட்டது: பைத்தியம் முத்தி ஆற்றில் விழுந்துவிட்டாள். என் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அம்மாவின் முகத்துக்கு நேராகவே ஒருத்தி சொன்னாள்.

நான் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். விசாரித்தேன். நீ கிளம்பியது புதன்கிழமை பகலில். உன் தோல்பை ஒரு வேரில் மாட்டிக் கிடைத்தது. அதில் ஒரு மாற்றுப் புடவை, சீப்பு, தகரச் சம்படத்தில் சாமைச் சோறு, மாத்திரை இல்லாத வெறும் கவர். சாகப் போகிறவள் நாளைக்குக் கட்டப் புடவை எடுத்துக்கொள்வாளா? நீ வியாழக்கிழமைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாய். அது வரைக்கும் எனக்கு உறுதி.

ஆனால் மாத்திரை தீர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. நடுவில் நீ ஏன் போகவில்லை? ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். போயிருக்கிறாய். முந்தின வியாழக்கிழமை, தனியாக.

சீட்டு எழுதுபவர் நல்ல மனிதர்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "வந்தாங்க சார். சீட்டு எங்கம்மான்னேன், தம்பிகிட்ட கீதுன்னாங்க. சரி, பேரு சொல்லுங்க, நோட்டுல பாக்கறேன்னேன். 'நோட்டுல சரஸ்வதின்னு இருக்கும், ஆனா நான் வசந்தா'ங்கறாங்க. நான் இன்னா பண்றது? சரஸ்வதி பக்கத்தை எடுத்தேன். கூலி வேலைன்னு போட்டுக்கீது. இவங்க நர்ஸுங்கறாங்க. ஒருத்தர் மாத்திரைய இன்னொருத்தருக்குக் குடுத்துட்டா என் வேலை பூடும் சார். அன்னிக்குன்னு டாக்டரும் லீவு. அடுத்த வியாழன் வாங்கம்மா, அவரே வந்து பாக்கட்டும்னேன். சண்டையெல்லாம் போடல. சரின்னுட்டுப் போய்ட்டாங்க."

அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. இதைப் படிப்பவர்கள் அவரைத் திட்ட வேண்டாம்.

அதன்பிறகு சைக்கிள் கடை மாடிக்குப் போனேன். டாக்டரிடம் உன் உண்மையான பெயரைச் சொன்னேன். அவர் மேசை மேல் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"போன வருஷம் சித்திரையில அவங்க எங்கிட்டச் சொன்னாங்க. 'டாக்டர், நான் சரஸ்வதி இல்ல, என் பேரு வசந்தா'ன்னு. அவங்க வியாதியே அதானே? நீ நீயில்லன்னு குரல் கேக்குது. நான் அதை வியாதியிலயே சேத்து எழுதிட்டேன். மாத்திரையைக் கூட்டினேன்."

நான் பையிலிருந்த சீட்டை எடுத்து அவர் மேசை மேல் வைத்தேன்.

"நீங்க அன்னிக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்து, "நானே போர்டுல மனசுன்னு எழுதல. உங்களை எந்த வாயால கேக்கறது" என்றார்.

அக்கா, இதை யோசித்துப் பார். உன் காதில் இரண்டு பேர், நீ வசந்தா இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவதாக ஒருவன், உன் கூடப் பிறந்தவன், அதையே ஆஸ்பத்திரி ஜன்னலில் சொல்லி எழுத வைத்தான். ஒரு நாள் நீ தைரியமாக உண்மையைச் சொன்னாய். அந்த உண்மைக்கு மாத்திரை கூட்டிக் கொடுத்தார்கள். உன் கை நடுங்கியது அதனால்தான்.

இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. உன் சாவுச் செய்தி எந்தப் பேப்பரிலும் வராமல் பார்த்துக்கொண்டேன், எங்கள் பேப்பர் உட்பட. அப்படியாக அங்கேயும் உன் பெயர் வரவில்லை.

ஒன்பது வருடம் எனக்குள் ஒரே ஒரு கேள்வி இருந்தது. சரஸ்வதி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாத்திரை கையில் வந்திருக்கும். அது உனக்கே தெரியும். பிறகு ஏன் அன்று உன் பெயரைச் சொன்னாய்? வியாதி முற்றிச் சொன்னாயா, தெளிந்து சொன்னாயா?

இப்போது போன வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

வெள்ளையன் எனக்கு ஆள் விட்டிருந்தார். மகள் மூன்று மாதமாகச் சரியில்லை. அடுப்படி மூலையில் போய் உட்கார்ந்துகொள்கிறாள், சாப்பிடுவதில்லை, யாரோ கூப்பிடுவதாகச் சொல்கிறாள். உன் கையில் முதலில் விழுந்தவள், பதினெட்டு வயது. நம் டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது ஒரு பெண் டாக்டர் வருகிறார். நாள் அதே வியாழன். பெஞ்சும் அதேதான். அவர்களை உட்கார வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனேன். வெள்ளையன் பின்னாலேயே வந்து என் சட்டையைப் பிடித்தார்.

"சார், பொண்ணுக்கு மாசியில கல்யாணம் பேசி வெச்சிக்கீது. பேர மட்டும் வேற எதுனா போட்டுக்கலாமா? உனக்குத்தான் இங்க எல்லாரையும் தெரியுமே."

அக்கா, அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். மகளும் பக்கத்தில் இருந்தாள், தலையைக் குனிந்தபடி. நான் அம்மாவிடம் சொல்லாததை, என் மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லாததை, அந்த மனிதரிடம் முதல் முறையாகச் சொன்னேன். சரஸ்வதி என்ற பெயர், கூலி வேலை, என் பையில் இருந்த சீட்டு, சீட்டு எழுதுபவர் சொன்னது, டாக்டர் சொன்னது, எதையும் விடவில்லை.

அவர் கேட்டு முடித்து, தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பேப்பர்ல ஊரு ஒலகத்துப் பேரெல்லாம் போடற ஆளு நீ. கூடப் பொறந்தவ பேர எழுதக் கை வரலியா சார் உனக்கு?"

"வரல."

அவர் மடியில் இருந்த துண்டை மடித்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு புதன்கெழம நான் கொல்லையில சாமைக்குக் காவல். மழை ஊத்துது. நர்ஸம்மா போறாங்க. 'இன்னாம்மா இந்த மழையில, ஆத்துல தண்ணி வந்துடும், நாளைக்குப் போயேன்'னேன். நின்னாங்க. நல்லாத்தான் பேசினாங்க சார், நீ நானு பேசற மாதிரி. 'வேலூர்ல ஒரு நோட்டுல எம் பேரு தப்பாக் கீது வெள்ளையா. ஒரு வாட்டி போனேன், ஆவல. நாளைக்குப் போய்த் திருத்திட்டு வந்துட்றேன்'னாங்க. நான் சம்பள நோட்டுன்னு நெனச்சிக்கினேன். அதான் யாருகிட்டயும் சொல்லல. அது ஒரு சேதியா, பேரு தப்பா இருந்தா திருத்தறதுன்னு."

ஒன்பது வருடம் இந்த ஒரு வாக்கியம் மலையில், ஒரு சாமைக் கொல்லையில் இருந்திருக்கிறது. நான் அவரிடம் கிளம்பிய நேரத்தைக் கேட்டேன், பையைப் பற்றிக் கேட்டேன், தண்ணீர் எவ்வளவு என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், உன் பெயர் தப்பான கதையை நான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். என் விசாரணை எந்த இடத்தில் நின்றது என்று இப்போது தெரிகிறது.

ஜன்னலில் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் போனோம். இப்போது வேறு ஆள், சின்ன வயது.

"பேரு?"

வெள்ளையன் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. அந்தப் பெண் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வசந்தா" என்றாள்.

"அப்பா பேரு?"

"வெள்ளையன்" என்றார் வெள்ளையன், தோல் வியாதி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. "ஊரு நெல்லிவாசல்நாடு. நல்லாக் கொட்ட எழுத்துல எழுதிக்கோ."

சீட்டை நான் வாங்கவில்லை. அவளே வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மாசிக் கல்யாணம் நடக்குமா என்று தெரியாது. இதை எழுதி முடிக்கும்வரை மாப்பிள்ளை வீட்டிலிருந்து தகவல் இல்லை. அவளுக்குக் குணமாகுமா என்பதும் தெரியாது. வருஷக்கணக்கில் ஆகும் என்று இந்த டாக்டரும் சொல்லியிருக்கிறார். இதை அச்சில் போடலாமா என்று இருவரையும் கேட்டேன். அவள் தலையாட்டினாள். "மலையில வெள்ளையன் எத்தினி, வசந்தா எத்தினி. எவன் வந்து கண்டுபுடிக்கப் போறான்? போடு சார். மாத்தி எழுதாத, அது போதும்" என்றார் அவர்.

நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு சின்னது. வெளியூர் வேலை இல்லாத ஒவ்வொரு வியாழனும் அந்தப் பெஞ்சில் இருப்பேன். மலையிலிருந்து வருகிறவர்களுக்கு வழி காட்டுவேன். பெயர் கேட்கும்போது பேசாமல் நிற்பேன். அந்தப் பழைய நோட்டைக் கரையான் தின்றுவிட்டதாம், அதில் இனித் திருத்த முடியாது. அதனால், நீ அந்தப் புதன்கிழமை மழையில் எந்த வேலைக்காகக் கிளம்பினாயோ அதை, எனக்குத் தெரிந்த முறையில் இங்கே செய்து முடிக்கிறேன்.

திருத்தம்: வேலூர் ஆஸ்பத்திரியின் வியாழக்கிழமை நோட்டில் 'சரஸ்வதி, வயது 31, கூலி வேலை' என்று இருந்தது தவறு. 'து. வசந்தா, வயது 31, நர்ஸ், நெல்லிவாசல்நாடு' என்பதே சரி. தவறான தகவலைத் தந்தவர் அவருடைய தம்பி.

உன் கூடப் பிறந்தவன்,
து. கோதண்டம்
வேலூர்